அரை டம்ளர்

என் தலையில் முடி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம், பின்னந்தலையில் கொஞ்சம். கூட்டம் கலைந்த மைதானத்தில் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கிறவர்களைப் போல நிற்கும். ஆனாலும் வாராவாரம் கீழே இருக்கும் சலூனுக்குப் போய்விடுவேன். சவரத்துக்கு என்று பெயர். வாரத்தில் ஒரு நாளாவது இன்னொரு மனிதரின் கை என் முகத்தில் படட்டும் என்பதுதான் உண்மை. இதை வெளியில் சொல்ல முடியுமா? எனக்கு பிளேடு பிடிக்கத் தெரியாது என்று சொல்லிவைத்திருந்தேன். மாஸ்டர் நம்பினார், அல்லது நம்பியதுபோல் இருந்தார். நல்ல முடிதிருத்துபவர்கள் இந்த விஷயத்தில் நல்ல டாக்டர்களைப் போல. கேட்கமாட்டார்கள்.

நான் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். கீழே முன்பக்கம் சலூன், பின்பக்கம் மாஸ்டரும் அவர் மனைவியும் இருக்கும் அறை, அதற்கும் பின்னால் துண்டு துவைக்கிற இடம். தண்ணீர்க் குழாய்கள் இறங்குவதற்காகக் கட்டடத்துக்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு குறுகிய இடுக்கு. அதைப் பார்த்து என் குளியலறையில் ஒரு சின்ன ஜன்னல். சலூனிலிருந்து ஒன்று, துவைக்கிற இடத்திலிருந்து ஒன்று. கட்டியவர் காற்றுக்காக வைத்தது. காற்று வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பேச்சு வரும்.

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். மிக்சி, துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப்பெட்டி இவற்றோடு டப்பாவுக்குள் ஒரு கையேடு வருமே, யாரும் படிக்காமல் பத்திரமாக எடுத்து வைப்பார்களே, அதை மொழிபெயர்க்கிறவன் நான். கடைசிப் பக்கத்தில் 'பழுது ஏற்பட்டால்' என்று ஒரு கட்டம் இருக்கும். மின்சாரம் வருகிறதா பாருங்கள், மூடி சரியாக மூடியிருக்கிறதா பாருங்கள், அப்படியும் ஓடவில்லையென்றால் நீங்களே திறக்காதீர்கள், இந்த எண்ணை அழையுங்கள். எண் இருக்கவேண்டிய இடத்தை நான் காலியாக விட்டுவிடுவேன். ஊருக்கு ஊர் எண் மாறும், கம்பெனிக்காரர்கள் பிறகு போட்டுக்கொள்வார்கள்.

காலையில் பல் தேய்க்கும்போது அந்த ஜன்னல் வழியாக இரண்டு குரல் கேட்கும்.

முதலில் சலூனிலிருந்து மாஸ்டர். "என் கை நிலையா இருக்கு. என் கை உறுதியா இருக்கு. இன்னிக்கு என்னைத் தேடி நிறையப் பேர் வர்றாங்க." பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்வார். எதிர்ச்சுவரிலும் கண்ணாடி. ஆகவே ஒரே நேரத்தில் கணக்கில்லாத மாஸ்டர்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வார்கள்.

பிறகு பின்பக்கத்திலிருந்து அந்தம்மா. துண்டைக் கல்லில் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோல:

"ஆண்டவரே, அவர் என்கிட்ட பேசியே எவ்வளவு நாளாச்சு. காலையில எழுந்ததும் கண்ணாடிகிட்ட போயிடறாரு. நான் என்னதான் பண்றது, கண்ணாடிக்குள்ள போயி நிக்கட்டுமா? நீங்களாவது கேக்கறீங்கன்னு நெனச்சுத்தான் சொல்றேன். மழை விடமாட்டேங்குது. நேத்துத் துவைச்ச துண்டு ஒண்ணும் காயல. அதையும் சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியிடம், அவள் கடவுளிடம், நடுவில் ஒரு சுவர். மேலே வாயில் நுரையோடு நான். மனதளவில் நானும் அந்தக் குடும்பத்தில் ஒருவன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் குறை.

மாஸ்டரின் வலது கை நடுங்க ஆரம்பித்தது போன மழைக்காலத்துக்கு முன்பு. முதலில் சீப்பு தவறி விழுந்தது. பிறகு கத்தரிக்கோல் வெறுங்காற்றை வெட்டியது. அப்போது அவர் மனைவியோடு தவறாமல் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்தெருவில் சின்ன சபை, தகரக் கூரை, மழை வந்தால் பிரசங்கம் கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவரைச் சுற்றி நின்று கைவைத்து ஜெபித்திருக்கிறார்கள். நடுக்கம் நின்றுவிட்டது. அடுத்த வாரமே முன்னால் போய் நின்று, கையை நீட்டிக் காட்டி, தனக்குச் சுகமாகிவிட்டது என்று சாட்சி சொன்னாராம். கைதட்டலாம், அழுகையாம். "சார், சாட்சி சொல்லிட்டேன் சார்" என்று என்னிடமும் வந்து சொன்னார். முகம் அப்படி ஒளிர்ந்தது. எனக்குக் கடவுள் பழக்கம் இல்லை. ஆனால் அன்றைக்கு என் தாடையில் ஓடிய கத்தி, வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. அதை நான் மறுக்கமாட்டேன்.

கொஞ்ச நாளில் நடுக்கம் திரும்பி வந்தது. முதலில் பார்த்தது நான்தான். என் கன்னத்தில் பார்த்தேன். "பரவாயில்ல மாஸ்டர், உள்ள ரத்தம் இருக்கான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். யாரோ வாடிக்கையாளர் அவர் போனில் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சியாளரின் பேச்சை ஏற்றிக்கொடுத்தார். அதற்குப் பிறகு சலூனில் ரேடியோ இல்லை, பாட்டு இல்லை. அந்தக் குரல்தான். உங்களால் முடியும், உங்களால் மட்டுமே முடியும். மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் ஏறியது. வேண்டாத வார்த்தை வாயில் வந்தாலோ காதில் விழுந்தாலோ அதை இழுத்து விடவேண்டும். சுரீர் என்றால் மூளை கற்றுக்கொள்ளுமாம்.

"மாஸ்டர், முடி கொட்டுறது பெரிய பிரச்சனையா இருக்கு."

சுரீர். "பிரச்சனைன்னு சொல்லக்கூடாது சார். வாய்ப்புன்னு சொல்லணும்."

"எதுக்கு வாய்ப்பு?"

கொஞ்சம் யோசித்தார். "சீப்பு வாங்க வேண்டியதில்லயே."

"அப்ப உங்க தொழிலுக்கு?"

சுரீர். "அந்தப் பக்கம் போகாதீங்க சார்."

மனைவிக்கும் ஒன்று கொடுத்திருந்தார். அந்தம்மா அதில் துண்டுக் கட்டைக் கட்டி வைத்தாள். வீட்டுக்குள் பயம், கஷ்டம், முடியல, வலி எதையும் சொல்லக்கூடாது என்று சட்டம். ஜெபமோ முழுக்க அந்த வார்த்தைகள்தான். பாவி என்று ஆரம்பித்து இரங்கும் என்று முடிகிற ஜெபத்தை அந்த வீட்டில் எங்கே வைத்துச் சொல்வது? அதனால்தான் அவள் துவைக்கிற இடத்துக்குக் குடிபெயர்ந்தாள். டாக்டரிடம் போவதும் அப்படித்தான் நின்றுபோனது. "என்ன பண்ணுது?" என்று டாக்டர் கேட்பார். பதில் சொன்னால் சட்டம் உடையும்.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. தெருமுனையில் புதிதாக ஒரு சலூன் வந்திருந்தது, கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். கத்திச் சவரத்துக்கு மிஞ்சியவன் நான் ஒருவன். அதை அன்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். புது சலூனில் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

ஒரு நாள் நான் அங்கே உட்கார்ந்து பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் வந்தார். வயதானவர், குடையைச் சுருக்கத் தெரியாமல் வாசலில் கொஞ்ச நேரம் போராடினார். அந்தம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்பது அவர் 'சும்மா முடி வெட்டத்தான்' என்று சொன்ன விதத்திலேயே தெரிந்தது. மாஸ்டர் முடி வெட்டும் மிஷினைத்தான் எடுத்தார். அதில் கையைத் தலையோடு அழுத்திக்கொள்ளலாம், நடுக்கம் தெரியாது.

"ரொம்ப நாளா காணோமே தம்பி."

"ஞாயித்துக்கிழமைதான் பாஸ்டர் கடையில கூட்டம்."

பாஸ்டர் கண்ணாடி வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டது.

"கையில என்ன இது?"

"தப்பான வார்த்தை வந்தா இழுத்து விடணும்."

"எது தப்பான வார்த்தை?"

"முடியாது, பயம், பலவீனம், பாவம்..." சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் இழுத்து விட்டார்.

"அப்ப நான் வாயத் தொறந்தா உன் கை வீங்கிடுமேப்பா."

மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். பிறகு மிஷினை நிறுத்தினார். "கோவிச்சுக்காதீங்க பாஸ்டர். நீங்க குனியச் சொல்றீங்க. இந்தப் போன்ல பேசறவரு நிமிரச் சொல்றாரு. எனக்கு இருக்கறது ஒரே முதுகு."

"நான் குனியச் சொன்னது உன்னை மட்டமாக்கறதுக்கு இல்லப்பா."

"இவர் என்ன சொல்றாருன்னா, எல்லாம் உனக்குள்ளயே இருக்குன்னு சொல்றாரு. நீங்க, உனக்குள்ள ஒண்ணுமில்லன்னு சொல்றீங்க. காலையில கடையத் தொறக்கறவனுக்கு எது பாஸ்டர் நல்லா இருக்கும்?"

"எல்லாம் இருக்கறவன் எல்லாத்தையும் தனியா சமாளிக்கணுமே. இல்லாதவன் வாயத் தொறந்து கேக்கலாம்." பாஸ்டர் தாடையைத் தடவினார். "இதையே கோயில்ல இன்னும் நல்லா சொல்லுவேன். இங்க வரமாட்டேங்குது."

"கேட்டேனே பாஸ்டர்."

மெதுவாகத்தான் சொன்னார். மிஷின் ஓடவில்லை, மழையும் அப்போது பார்த்து ஓய்ந்திருந்தது. பாஸ்டர் ஏதாவது சொல்வார் என்று நானும் பேப்பருக்குப் பின்னால் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. போகும்போது கண்ணாடியில் பார்த்தார். இடது காதுக்கு மேலே முடி படிப்படியாக இறங்கியிருந்தது. "நல்லா வெட்டியிருக்கே தம்பி" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் குடையோடு மறுபடி போராடினார்.

அந்தம்மா உள்ளேயிருந்து மாஸ்டருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள், பேசாமல். எனக்கும் ஒன்று. என் டம்ளர் நிரம்பியிருந்தது. அவருடையதில் பாதிதான். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்று நான் கவனித்திருந்தேன்.

"பாத்தீங்களா சார்?" என்றார் அவள் போனதும். "கோயிலுக்கு வரலேன்னு கோவம். டீயில காட்டறா. ஆனா நான் எப்படிப் பாக்கறேன் தெரியுமா? பாதி காலின்னு பாக்கறதில்ல. பாதி நிறைஞ்சிருக்குன்னு பாக்கறேன். அப்படித்தான் பாக்கணும்."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அன்று மேலே வந்து இஸ்திரிப்பெட்டிக் கையேட்டோடு உட்கார்ந்தேன். அந்தப் பயிற்சியாளரின் பேச்சில் கடைசிப் பக்கம் இல்லை என்று தோன்றியது. ஓடவில்லையா, மறுபடி உங்களையே சரிபாருங்கள். அப்போதும் ஓடவில்லையா, நீங்கள் சரியாகச் சரிபார்க்கவில்லை. அந்தம்மாவிடமோ கடைசிப் பக்கம் மட்டும்தான் இருந்தது. காலையில் எழுந்ததும் அழைப்பு. எடுக்கிறார்களா என்றுகூடப் பார்ப்பதில்லை, தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே துண்டு துவைக்கிறாள். இரண்டில் எது சரி என்று கேட்டால் என்ன சொல்வேன்? நான் மொழிபெயர்ப்பவன் மட்டும்தான். ஆனால் அவள் குரலில் தனிமை இருந்தது, பதற்றம் இல்லை. அவர் குரலில் இரண்டும் இருந்தன.

அடுத்த வாரம் போனேன். விடாத மழை. சலூனுக்குள் ஈரத்துண்டு வாசனை, குறுக்கே கயிறு கட்டித் துண்டுகள் தொங்கின. நாற்காலியில் சாய்ந்தேன். வெந்நீர்த் துண்டைக் கன்னத்தில் ஒற்றினார். பிரஷ்ஷால் நுரை வைத்தார். இந்த இடம்தான் எனக்கு முக்கியம், இதற்காகத்தான் வருவது, கண்ணை மூடிக்கொள்வேன். வலது கன்னம் எப்படியோ முடிந்தது. போனில் குரல் சொல்லிக்கொண்டிருந்தது: தடையே இல்லை, தடை என்று நினைப்பதுதான் தடை. திடீரென்று நின்றது. சார்ஜ் தீர்ந்துவிட்டது.

குரல் நின்றதும் மாஸ்டரும் நின்றார். கண்ணைத் திறந்தேன். கத்தி என் தொண்டைக்கு மேலே, காற்றில். அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியின் முனை, அடைக்காத குழாயில் தொங்கும் சொட்டுபோல ஆடிக்கொண்டிருந்தது.

"என் கை நிலையா..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

அந்த நேரத்துக்குப் பொருத்தமான ஜோக் என்னிடம் இருந்தது. எப்போதும் இருக்கும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"மாஸ்டர், எனக்கு பயமா இருக்கு."

பழக்கத்தில் அவர் இடது கை போய் ரப்பர் பேண்டை இழுத்து விட்டது. சுரீர்.

"பயமா இருக்கு மாஸ்டர்" என்றேன் மறுபடி.

இந்த முறை இழுக்கவில்லை. கத்தியை மடக்கித் தட்டில் வைத்தார். அதற்கே இரண்டு மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

"எனக்கும் சார்."

துண்டுக்காக வந்த அந்தம்மா கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

"என்னால முடியல" என்றார் மாஸ்டர், திரும்பாமல், கண்ணாடியில் தெரிந்த அவளிடம். "ரொம்ப நாளா முடியல."

"தெரியும்."

"என்ன தெரியும்? ஒனக்கு என்ன தெரியும்?"

"கை ஆடுறது தெரியும். இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க. கண்ணாடிகிட்ட பேசினது போதும்."

திரும்பினார். பெரிய உருவம், பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்ன பிள்ளை மாதிரி நின்றார்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"எங்க சொல்றது? வாயத் தொறந்தா ரப்பர இழுக்கறீங்க. ஒங்க கை செவக்குதுன்னு நான் வாயே தொறக்கல." கயிற்றில் தொங்கிய துண்டை விலக்கினாள். "அரை டம்ளர் டீ எதுக்கு ஊத்தறேன்னு நெனச்சீங்க?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கோவத்துல இல்லயா?"

"கோவம் இருந்தா டீயே வராது. முழுசா ஊத்தினா கைமேல கொட்டிக்குவீங்க. சூடு."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் வேற மாதிரி நெனச்சேன்" என்றார். "கோயிலுக்கு வரலேன்னு..."

"நம்பிக்கை போயிடுச்சுன்னு நான் தெனமும் அழுவறேன்."

"நம்பிக்கை எங்கேயும் போகல. கைதான் போச்சு. நற்கருணைக்குப் போனா திராட்சரசக் கிண்ணத்தக் கையில குடுப்பாங்கல்ல? எல்லார் முன்னாடியும் ஆடும். சொகமாயிடுச்சுன்னு நின்னு சொன்ன அதே எடம். கைதட்டினவங்கல்லாம் பாப்பாங்க. நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். இல்லன்னா... ஆண்டவரு பொய்யின்னு ஆயிடும். என்னால அவருக்குக் கெட்ட பேரு எதுக்கு?"

"ஐயோ," என்றாள் அந்தம்மா. அழுதுகொண்டே சிரித்தாள். "அவரோட பேர நீங்க காப்பாத்தினீங்களா? கோயிலுக்குப் போகாம?"

"அன்னிக்கு நெசமாவே நின்னுச்சு."

"நின்னுச்சு. நானும் பாத்தேன். இப்ப ஆடுது. ரெண்டையும் சொன்னா என்ன?"

அவள் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ரப்பர் பேண்டுக்கு அடியில் தோல் தடித்து, சிவந்து, பழையதும் புதியதுமாகக் கோடுகள். அதைக் கழற்றினாள். அவிழ்ந்து கிடந்த தன் கூந்தலைச் சுருட்டி அதில் போட்டு இறுக்கினாள். ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த சாமான் கிடைத்ததுபோல அத்தனை இயல்பாக. கையை விடவில்லை. அவள் பிடியில் இருந்தும் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவள் கையும் சேர்ந்து ஆடியது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். என்ன பண்ணுதுன்னு கேட்டா சொல்லணும்."

"ம்."

"கிண்ணத்த நான் பிடிச்சுக்கறேன். கொட்டினா கொட்டட்டும். தொடைக்கறதுக்கு நம்மகிட்ட இல்லாத துண்டா?"

அப்போதுதான் ஒரு பக்கம் நுரையோடு சாய்ந்து கிடந்த என்னைப் பார்த்தாள். "ஐயோ, அண்ணே! ஒங்க மறுபாதி?"

"மறுபாதியா? எனக்கு அமையவே இல்லம்மா" என்றேன். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் சிரித்தார்கள். துண்டை எடுத்து நுரையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு பிளேடு பிடிக்கத் தெரியும் என்பதை முதல் தடவையாக ஒப்புக்கொண்டு, மாடி ஏறினேன். பின்னால் கடைக் கதவை உள்ளேயிருந்து சாத்தும் சத்தம் கேட்டது.

குளியலறையில் விளக்கைப் போட்டேன். ஒரு பக்கம் மழமழப்பு, ஒரு பக்கம் காடு. ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து பேச்சு வந்தது. கண்ணாடியிடமும் இல்லை, கடவுளிடமும் இல்லை. அவர் ஏதோ சொன்னார், அவள் "அப்படியா?" என்றாள். அவள் ஏதோ சொன்னாள், அவர் "ஆமா, ஆமா" என்றார். என்ன என்று பிடிபடுவதற்கு முன் ஜன்னலைச் சாத்தினேன். இத்தனை காலமும் அதைச் சாத்தியதே இல்லை. துருப்பிடித்த கொக்கி, மாட்டச் சிரமமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேலேயிருந்து பார்த்தேன். மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே குடையை விரிக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"கை எப்படி இருக்கு மாஸ்டர்?"

அண்ணாந்து பார்த்தார். "ஆடுது சார்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கத்தி இனிமேல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாத்திரை கொடுத்திருக்கிறாராம். கொஞ்சம் குறையலாம், முழுக்கப் போகாது. மிஷின் வேலையை அந்தம்மா பழகிக்கொள்கிறாள். முதல் தலை என்னுடையதாம். கெடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று அவளே சொன்னாள்.

"நீங்களும் வாங்களேன் அண்ணே" என்றாள்.

"எனக்கு வேலை இருக்கும்மா."

போனார்கள். தெருமுனை திரும்பும்வரை அவள் அவர் கையை விடவில்லை.

அன்று எனக்கு ஒரு வேலையும் இல்லை. முகத்தில் சோப்பு போட்டேன். பிளேடை எடுத்தேன். என் கை ஆடவே இல்லை. நல்ல உறுதியான கை, அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்து, சும்மா, குரல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகச் சொன்னேன்: "தனியா இருக்கேன்." கண்ணாடியில் இருந்தவனும் அதையேதான் சொன்னான்.

மேஜைக்கு வந்து கையேட்டை விரித்தேன். கடைசிப் பக்கம். அப்படியும் ஓடவில்லையென்றால் நீங்களே திறக்காதீர்கள், இந்த எண்ணை அழையுங்கள். அதற்குப் பக்கத்தில், வழக்கம்போல, நான் விட்டுவைத்த காலியிடம்.